நூறில் முப்பத்தெட்டு

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரியில்
பதினாறாம் நம்பர் வாசலில் மூன்று மணி நேரம்.
எனக்கு முன்னால் குளச்சல்காரர் ஒருவர்.
வலது கால் இல்லை. சட்டென்று முடிந்தது.
இல்லாததைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.
என் கை இருக்கிறது. அதுதான் தொந்தரவு.

டாக்டர் சின்னப் பையன், நல்ல மாதிரி.
மகளுடைய ஜியாமெட்ரி பெட்டியில் கிடப்பதுபோல் ஒன்றை
முழங்கையில் வைத்து அளந்தார், பிறகு மணிக்கட்டில்.
"விரலை மடக்கப் பாருங்க" என்றார்.
மடக்கினேன்.
"இன்னும் கொஞ்சம்."
சொன்ன வேலையைப் பாதியில் விட்டு எனக்குப் பழக்கமில்லை.
நெற்றி வேர்த்தது. காதுக்குள் வண்டு இரைந்தது.
நுனிவிரல்கள் உள்ளங்கையைத் தொட்டுவிட்டன.
அவர் சிரித்தார். நானும் சிரித்தேன்.
பரீட்சையில் ஜெயித்த பிள்ளையைப்போல் வெளியே வந்து
லில்லிபாய் சட்டைப் பொத்தானை மாட்டிவிட
நிமிர்ந்து நின்றேன்.

சான்றிதழில் முப்பத்தெட்டு சதவீதம்.
"நாற்பது வேணுமே" என்றார்
தாலுகா ஆபீசில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மா.
கோபமாகச் சொல்லவில்லை.
ரேஷனில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது என்பதுபோல் சொன்னார்.

இந்தக் கணக்கு எனக்குப் புதிதல்ல.
பத்தொன்பது வருஷம் ரப்பர் வெட்டியவன்.
களியலில் பால் எடுக்கிறவன்
கண்ணாடிக் குழலை வாளியில் மிதக்கவிட்டு
ஒரு கண்ணைச் சுருக்கிப் படிப்பான்:
நூறில் முப்பத்தைந்து, முப்பத்தாறு.
மீதி தண்ணி. தண்ணிக்குக் காசு கிடையாது.
மழைக்காலத்தில் எண் இறங்கினால்
"ஏதும் சேத்தீராவே?" என்பான், பாதி விளையாட்டாக.
முப்பத்தெட்டு வந்த ஒருநாள்
தோட்டக்காரர் எனக்குப் பழம்பொரியும் டீயும் வாங்கித் தந்தார்.

அதே முப்பத்தெட்டு.
பாலுக்கு நல்ல எண். கைக்குப் போதவில்லை.
எனக்கு வந்த கேட்டில்
எந்தத் தண்ணியைச் சேர்த்தேனோ நான்.

பன்றியைப் பற்றி எந்தப் படிவமும் கேட்கவில்லை.
மூணேகால் மணி, வளைவு,
தலைவிளக்கின் வட்டத்துக்குள் திடீரென்று ஒரு கறுப்பு முதுகு.
பைக் ஓடையில். பன்றிக்கு ஒன்றுமில்லை.
தோளிலிருந்து இறங்குகிற நரம்பு பிய்ந்ததாகப் படத்தில் காட்டினார்கள்.
மடங்கும், ஆனால் பிடிக்காது.
டம்ளரை வைத்தால் டம்ளர் விழும்.
மடங்குவதைத்தான் அளந்தார்கள்.

இப்போது லில்லிபாய் வெட்டுகிறாள்.
அந்தத் தலைவிளக்கு அவளுக்குப் பெரிது,
வாரில் புதுசாக ஒரு ஓட்டை போட்டோம்.
பட்டையை ஆழமாகக் கீறிவிடுகிறாளென்று
தோட்டக்காரர் என்னிடம் வந்து சொல்கிறார்,
நான் போய்த் திருத்திவிடுவேன் என்பதுபோல்.

அடுத்த முகாம் பத்தாம் தேதி.
"நீங்க அங்க போயி கெட்டிக்காரத்தனம் காட்டாண்டாம்" என்கிறாள்.
"மடக்கச் சொன்னா முடியல்லன்னு சொல்லணும், கேட்டியளா.
பொய்யில்லையே."
பொய்யில்லைதான்.
மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து சொல்லிப் பார்க்கிறேன்:
முடியல்ல. முடியல்ல டாக்டர்.
சுவரிலிருக்கிற காலண்டருக்குக்கூட
வெட்கப்பட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறேன்.
மகள் ஸ்கூலிலிருந்து வரும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுகிறேன்.

இரவு இரண்டரைக்கு அவள் எழுந்து
கத்தியைக் கல்லில் தீட்டுவாள்.
எனக்கும் விழிப்பு வரும், விளக்குப் போடமாட்டேன்.
சரக், சரக்.
யாரும் சொல்லாமல், யாரும் அளக்காமல்
போர்வைக்குள் என் வலது கை
மெல்ல மடங்கிக்கொண்டிருக்கும்,
ஒரு கத்திப்பிடியின் பருமனுக்கு
உள்ளே இடம் விட்டு.